டோக்கியோவிலிருந்து போச்சம்பள்ளிக்கு

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் முயன்றேன். பேசி முடித்துப் போட்டுக் கேட்டால், பஸ் ஸ்டாண்டில் காணாமல்போன குழந்தைக்கு மைக்கில் அறிவிப்புச் செய்கிறவன் குரல் மாதிரி இருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னும் கொஞ்சம் மூக்க உறிஞ்சிக்கிட்டுப் பேசுங்க, பையன் நாளைக்கே வண்டி ஏறிருவான்" என்றாள். அழித்துவிட்டேன். ஐ.டி.ஐ. படித்தவன் கடிதம் எழுதினால் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கோளாறு என்ன என்றுதான் எழுதுவான் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். கோளாறைத்தான் எழுதப் போகிறேன்.

நீ எதற்காகப் புனேக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். டிரெய்னி வேலை போனது ஒரு காரணம். அது மட்டும் என்றால் நீ இங்கே ஓசூரிலேயே இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நின்றிருப்பாய். பூ வைத்து, தை மாதத்தில் கல்யாணம் என்று நாள் குறித்த பிறகு, ரேவதியின் அப்பா, "பாக்கலாம்ங்க, இப்ப என்ன அவசரம்" என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைதான் உன்னை ரயில் ஏற்றிவிட்டது. வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், அவர் செய்தது நியாயம்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். விஷயம் அது இல்லை, தம்பி. அது என்ன என்று நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் நேராகச் சொன்னால், அப்பா எனக்கு ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறார் என்பாய். அதனால் அது எங்கிருந்து கிளம்பி, எந்தெந்த ஊர் வழியாக, யார் யார் தோளில் ஏறி நம் வீட்டுக்கு வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

எனக்கு ஒரு ஷேர்கூடக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறேன், அத்தோடு சரி. ஆனாலும் இந்த வருஷம் முழுக்க ஜப்பான் ஏறிற்றா இறங்கிற்றா என்று தெரியாமல் நான் முதல் ஷிஃப்ட்டுக்குப் போனதில்லை. மத்திகிரியில் நம் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது இன்னும் இருட்டு பிரிந்திருக்காது. அந்த நேரத்தில் டோக்கியோவில் சந்தை திறந்துவிடும். கிரைண்டிங்கில் இருக்கிற சேகர் பின் சீட்டில் உட்கார்ந்து போனைத் திறப்பான். அவன் முகத்தில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தே பஸ்ஸில் இருக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். டிரைவர் அண்ணன்கூட கண்ணாடியில் பார்த்து, "ஏப்பா சேகரு, உங்க பெரியப்பா வீட்ல இன்னா நெலம?" என்று கேட்பார். ஜப்பானுக்கு எங்கள் பஸ்ஸில் அதுதான் பெயர். "செவப்புண்ணே, பெரியப்பா படுத்துட்டாரு" என்றால் போதும். பஸ்ஸில் பாதிப் பேருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆனாலும் கேன்டீனில் அன்றைக்கு யாரும் இரண்டாவது தரம் பொங்கல் வாங்க மாட்டார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. நீ படித்த புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஷிஃப்ட் மாற்றுவது. மூன்றாவது ஷிஃப்ட்காரன் மெஷினை ஒப்படைக்கும்போது, "ஸ்பிண்டில்ல ஏதோ சத்தம் வருது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவான். எங்கே சத்தம், எதனால் சத்தம் என்று அவனுக்கும் தெரியாது. வந்தவன் காதைக் கொடுத்துக் கேட்பான். ஒன்றும் கேட்காது. ஆனாலும் நிம்மதியாக ஓட்ட மாட்டான், வேகத்தைக் குறைப்பான், உற்பத்தி குறையும். அடுத்த ஷிஃப்ட்காரனிடம் அவன் ஒப்படைக்கும்போது, "ரொம்ப சத்தம் வருதுப்பா, நானே மெதுவாத்தான் ஓட்டினேன்" என்பான். மூன்றாவது ஆளிடம் போகும்போது மெஷினே உடையப் போகிறது என்று ஆகிவிடும். அமெரிக்காக்காரன் கடையைச் சாத்தும்போது டோக்கியோக்காரன் திறக்கிறான். அவன் பாதி ஓட்டும்போது பம்பாய் சேர்ந்துகொள்கிறது. நமக்குச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஐரோப்பா வந்துவிடுகிறது. உலகம் பூராவும் ஒரே மெஷின், ஆள்தான் மாறுகிறார்கள், மெஷினை நிறுத்திப் பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இந்தத் தடவை சத்தம் கிளம்பியது எங்கேயோ தூரதேசத்தில் ஒரு பேங்கிலாம். அதன் பெயரை சேகர் படிக்க முயன்று, "விடுண்ணே, வாய்ல வரல" என்று விட்டுவிட்டான். வாயில் வராத ஒரு பேங்க்தான் தம்பி உன் கல்யாணத்தில் கை வைத்தது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் நீ எனக்கு விளக்கினாய், ஞாபகமிருக்கிறதா? ஒரு நாட்டில் நஷ்டம் வந்தால், அந்த நஷ்டத்தைக் கட்ட வேறு நாட்டில் இருக்கிற நல்ல ஷேரை விற்பார்கள் என்றாய். நல்லதை எதற்கு விற்க வேண்டும், கெட்டதை விற்கட்டுமே என்றேன். "கெட்டத யாருப்பா வாங்குவாங்க" என்று நீ எழுந்து கை கழுவப் போய்விட்டாய். எனக்கு அப்போது புரியவில்லை. உன் முனிராஜு மாமாதான் புரிய வைத்தார், அதுவும் அவருக்குத் தெரியாமலே. தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாமல் கெலமங்கலம் பக்கம் எல்லாரும் செடியோடு விட்டார்களே, அந்தச் சமயம் அவரோடு நான் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். அவர் அந்த வருஷம் தக்காளியே போடவில்லை. புத்திசாலித்தனமாக ஆடு வளர்த்திருந்தார். சந்தைக்குள் நுழைந்தால் ஆட்டுத் தலையாக இருக்கிறது. தக்காளியில் அடிபட்டவன் எல்லாம் உரக்கடைக்குப் பதில் சொல்ல ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வியாபாரி மாமாவின் கிடாயைத் தடவிப் பார்த்து ஒரு விலை சொன்னான். மாமா ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதறினால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும், மச்சானான நான் பாவா ஆகிவிடுவேன்.

"ஏமி பாவா இது? எங்க ஆடு தக்காளி திங்குதா?"

"திங்காது."

"நானு தக்காளி போட்டனா?"

"போடல."

"அப்பறம் எதுக்கு பாவா, தக்காளி விழுந்தா எங்க ஆடு காலு ஒடியணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பின்னால் வந்த ஒருவன், "அண்ணா, சாயங்காலம் வரைக்கும் நின்னா இந்த வெலயும் கெடைக்காது" என்று சொன்னான். மாமா அவசரமாகக் கயிற்றை வியாபாரி கையில் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவனும் கொடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும். நான் நடுவில் நின்று வேடிக்கை பார்த்தேன். டீக்கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நீ சொன்னது உறைத்தது. கெட்ட சரக்கு விலை போகாது, அதனால் நல்ல சரக்கு தலை குனிகிறது. தூரதேசத்தில் தக்காளி அழுகினால் பம்பாயில் ஆடு விலை இறங்குகிறது. ஆட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தம்பி, நீயும் ஒரு குற்றமும் இல்லாத ஆடு என்று சொல்ல வருகிறேன், ஆனால் எழுதிப் பார்த்தால் கேட்க நன்றாக இல்லை.

இன்னொன்று. நீ ஆறாவது படிக்கும்போது நம் லைன் வீட்டில் அம்மை போட்டது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். மூன்றாவது வீட்டுப் பிள்ளைக்கு வந்ததும் உன் அம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள். நான் புத்திசாலி அல்லவா, உன்னை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே வண்டியில் உட்காரவைத்துக் கெலமங்கலத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நாலு நாளில் உனக்கு அங்கே போட்டது. அப்புறம் மாமா பிள்ளைகள் மூன்று பேருக்கும் போட்டது. மாமா போன் பண்ணி, "பாவா, பையன அனுப்புனீங்க சரி, சாமியயும் சேத்து அனுப்பிட்டீங்களே" என்றார். பயந்து தப்பித்து ஓடுகிறவன்தான் அதை அடுத்த ஊருக்குச் சுமந்துகொண்டு போகிறான். பணமும் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு சந்தையில் பயந்த பணம் இன்னொரு சந்தையில் போய்ப் படுக்க இடம் தேடும்போது, அங்கே இருக்கிறவர்களுக்கு, இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறதே, அப்படி என்ன நடந்தது என்ற பயத்தைக் கொடுக்கிறது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. புனே ரொம்ப தூரம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். ஐரோப்பாவில் லாரி செய்கிற கம்பெனிக்காரனின் ஷேர் இறங்கியது. அவனுக்குக் கடன் கொடுக்கிறவன் கையை இழுத்துக்கொண்டான். லாரி வாங்க இருந்தவன் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றான். அந்த லாரிக்குப் போக வேண்டிய கியர் நம் கம்பெனி லைனில் தட்டில் அடுக்கி வைத்தபடி நின்றது. முதலில் ஓ.டி. போயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலை போயிற்று. பிறகு கான்ட்ராக்ட் ஆட்கள். சாயங்காலம் பஸ்ஸில் சீட்டு காலியாக வர ஆரம்பித்தது. அதுவரைக்கும் நின்றுகொண்டு வந்தவர்கள் உட்கார இடம் கிடைத்தும் சந்தோஷப்படவில்லை. அடுத்தது டிரெய்னிகள் என்று கேன்டீனில் பேச்சு வந்தபோது, நான் உன் கழுத்தில் தொங்குகிற பச்சைக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்மனென்ட் ஆனவனுக்கு நீலக் கயிறு, டிரெய்னிக்குப் பச்சை. ஓசூரில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றைத்தானே பார்க்கிறார்கள். அந்தச் சமயம் நம் தெருவிலேயே ஒரு பையனின் சம்பந்தம் நின்றது. அவன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பெண் வீட்டார் முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில். ஆட்டுச் சந்தையில் கயிறு கை மாறின மாதிரி, ஒருவர் பின்வாங்கினதைப் பார்த்து அடுத்தவர். நம் வீட்டுக்கு வருவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். இப்போது சொல்லப் போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து, வீட்டுக்கு வராமல், யூனிஃபார்மோடு கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து போச்சம்பள்ளி பஸ் மாறி, ரேவதி வீட்டுக்குப் போனேன். சம்பந்தியாகப் போகிறவருக்கு நேரில் நாலு வார்த்தை தைரியம் சொன்னால் அவர் மனசு கலங்காது என்பது என் திட்டம். பூ வைத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பழமும் பூவும் தட்டில் இல்லாமல் போகக்கூடாது என்பதும், வெறுங்கையோடு போனால் சாவுச் செய்தி, இல்லாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்த செய்தி என்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் ஐரோப்பாவும் ஜப்பானும் ஓடிக்கொண்டிருந்ததால் வாழைப்பழத்துக்கு இடமில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் ரேவதியின் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கு என்னங்க ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ரேவதியின் அப்பா உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். என் காலியான கைகளைப் பார்த்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கா ஓசூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?"

"இல்லீங்க, ஊர்ல கண்டபடி பேசிக்கிறாங்க. மார்க்கெட் விழுந்துச்சு, அது இதுன்னு. நீங்க எதையும் காதுல போட்டுக்காதீங்க. நம்ம பக்கம் ஒரு பாதிப்பும் கெடயாது. உங்களுக்கும் ஒரு பாதிப்பும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு என்னங்க பாதிப்பு?" என்று அவர் சட்டென்று கேட்டார். குரல் மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

"அதத்தான் நானும் சொல்றேன். மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"நான் மெஷினப் பத்திக் கேக்கலீங்களே."

டீ கொடுத்தார்கள். ஆறிப்போகும்வரை நான் பேசினேன். டி.வி.யில் மந்திரி வந்து, நம் பேங்குகள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன, மக்கள் பதற வேண்டாம் என்று சொல்லும்போது நாம் என்ன செய்வோம்? அது வரைக்கும் பதறாதவனும் எழுந்து, பணத்தை எடுக்கப் போகச் சட்டையை மாட்டுவான். அதைத்தான் நான் செய்துவிட்டு, நல்ல காரியம் முடித்த திருப்தியோடு கடைசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாரமே உன்னை நிறுத்தினார்கள். அடுத்த நாலாம் நாள் அவர் போனில், "பாக்கலாம்ங்க" என்றார். என் பேச்சு ஒரு வாரத்தில் பொய்யாகிவிட்டது, கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேவதி வந்தாள். தனியாக. நான் பனியனோடு பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, "மாமா, உள்ள வரலாமா?" என்றாள். கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் அம்மா அவளை உட்காரவைத்து, முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு என்று சொல்லிவிட்டாள். ரசம் ஊற்றும்போது பேச்சு தானாக வந்துவிட்டது.

"அத்தை, எங்கப்பா அவர வேணான்னு சொல்லல. வேல போனதுக்காகவும் இல்ல. ரோட்டுக்குப் போன நெலத்துக்கு வந்த பணம், கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தது, எல்லாத்தையும் ஷேர் ஃபண்டுல போட்டிருந்தாரு. நான்தான் போன்ல ஆப் போட்டுக் குடுத்தேன். தெனம் காலைல சாமி கும்பிட்டுட்டு அதப் பாப்பாரு."

"எறங்கிடுச்சா கண்ணு?" என்றாள் உன் அம்மா.

"எறங்கிச்சு. ஆனா அப்பா அசையல. பொறுத்தா ஏறும்னு உக்காந்திருந்தாரு. அன்னிக்கு மாமா வந்தாரு."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெறுங்கையோட வந்தாரு. ஒரு பாதிப்பும் இல்லதானேன்னு கேட்டாரு. அப்பா என்னான்னு நெனச்சிக்கிட்டாரு தெரியுமா அத்தை? பணம் கொறஞ்சது இவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, ஆழம் பாக்க ஆள் வந்துட்டாங்கன்னு. ராவெல்லாம் தூங்கல. விடிஞ்சதும் இருக்கறதாவது மிஞ்சட்டும்னு எல்லாத்தயும் வித்துட்டாரு. நான் எங்க கம்பெனில ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன உக்கார வெச்சு விக்கச் சொல்லியிருக்காரு."

அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் எப்படி லேட் ஆனது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவர் விற்ற அந்த வாரம்தான் எல்லாவற்றிலும் அடிமட்டம். அதற்கப்புறம் ஏற ஆரம்பித்துவிட்டது. நாம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை தம்பி, உனக்கே தெரியும். அவராகத்தான், "எங்க ஊர்லயே, என் செலவுல, ஊரே சாப்பிட்டுப் போற மாதிரி செய்வேன்" என்று பூ வைத்த அன்று நாலு பேர் முன்னால் சொன்னார். சொன்ன வாய்க்கு இப்போது வழியில்லை. பணம் இல்லை என்று சொல்வதைவிட, பையனுக்கு வேலை இல்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். உன் வேலை போனது அவருக்குச் சாக்காகக் கிடைத்தது. தக்காளிக்கு ஆட்டை விற்ற கதைதான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர எனக்கு என்ன யோக்கியதை? வாயில் வராத பேங்கில் கிளம்பி, டோக்கியோ வழியாக ஊர் ஊராகக் கைமாறி, கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து, போச்சம்பள்ளிக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த பயத்தை, பக்கத்தில் உட்காரவைத்து, டிக்கெட்டும் எடுத்து, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டவன் உன் அப்பன்.

உன் அம்மா ரசச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வழி தேட ஆரம்பித்தாள். கல்யாணத்தைக் கோயிலில் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று நாமே சொன்னால் என்ன என்றாள். "வேணாம் அத்தை, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு கண்டுபுடிச்சிருவாரு. அப்பறம் உங்க மொகத்துல முழிக்கவே மாட்டாரு." சரி, மண்டபம் ஆகாது, கோயில்தான் என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லலாமா என்றாள். "எங்கப்பா அந்த ஜோசியரயே தேடிப் போயி நிப்பாரு அத்தை." செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொள்வதாக முனிராஜு மாமாவை விட்டுப் பேசச் சொல்லலாமா என்று நான் வாயைத் திறந்தேன். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடி பைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது என் நிலையை யோசித்துப் பார். விஷயம் எனக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள முடியாது. போனால் கெடுத்துவிடுவேன், போகாமல் இருந்தால் அவர் நாம் விலகிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வார். அவர் நம்மிடம் மறைக்கிறார், நாம் அவரிடம் மறைக்கிறோம், இரண்டு பக்கமும் அடுத்தவன் முதலில் ஓடிவிடுவான் என்று காத்திருக்கிறோம். நேற்று பஸ்ஸில் ஒரே கும்மாளம். சேகர் கேக் வாங்கி வந்திருந்தான். பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், அமெரிக்காவும் பச்சை, பம்பாயும் பச்சை. விழுந்ததெல்லாம் ஏறிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஒரு துண்டு கேக் வாங்கித் தின்றேன். சந்தை இறங்கும்போது எல்லா வீட்டு வழியாகவும் வந்தது. ஏறும்போது வந்த வழியே திரும்பிப் போகவில்லை. விற்றவரை விட்டுவிட்டு ஏறியது, நிறுத்தப்பட்டவனை விட்டுவிட்டு ஏறியது. கம்பெனியில் ஆர்டர் மெல்லத் திரும்பி வருகிறது என்கிறார்கள். வந்தால் புதிதாக ஆள் எடுப்பார்கள், உன்னைக் கூப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதத்தான் கை வருகிறது. அந்த வார்த்தையை நான் சொல்லி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டதால் எழுதவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. தகப்பன் என்ற பழக்கத்தில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஊர் உன் மேல் போட்ட விலையை உன் விலை என்று எடுத்துக்கொண்டு கயிற்றைக் கையில் கொடுத்துவிடாதே. அந்த நாளில் விலை போடுகிறவனும் பயத்தில்தான் நிற்கிறான். இது எனக்கு இந்த வயதில் தெரிந்தது, அதுவும் பிறர் வீட்டு வாசலில்.

ரேவதி கிளம்பும்போது உன் அம்மா, "நாங்க என்னதாம்மா செய்யட்டும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை. அவர போன மட்டும் எடுக்கச் சொல்லுங்க. வேல இல்லாதவன் கூட எதுக்கு, வேற எடம் பாக்கட்டும்னு எனக்காக நல்லது பண்றாராம். நல்லது பண்றவங்க போன எடுத்துச் சொல்லணும். நான் என்ன நெனைக்கிறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை, அவள் அப்பா கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அவளைக் கேட்காமலே எல்லாரும் அவளுக்காக விற்றுக்கொண்டிருந்தோம்.

இரண்டரைக்கு அவளுக்கு ஷிஃப்ட் முடிகிறது. உள்ளே போன் கூடாது. கேட்டில் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்வரைதான் அவளால் பேச முடியும். ஏறிவிட்டால் பக்கத்தில் அவள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள், வீட்டுக்குப் போனால் அப்பா. அந்தக் கொஞ்ச தூரம் நடக்கும்போதுதான் தினமும் உனக்குப் போன் அடிக்கிறாளாம். உனக்கு அந்த நேரம் வேலை என்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு வெளியே வந்து நில். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. காத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம், போதும் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அவள் வாயால் கேள். நீ எடுக்காமல் விட்டால், அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்பதை, தெருமுனை திரும்பும்வரை அவள் நடந்த நடையில் பார்த்தேன்.

அப்பா